அரக்கோணம் போய்வந்த ரவுண்டு

கோவளம் பீமசேனா பாக்ஸிங் கிளப்பில் ஒரு ரவுண்டு என்பது எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை.

மற்ற ஊர்களில் மூன்று நிமிஷம் என்பார்கள். பீமசேனாவிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கிளப் நடந்த இடம் கடலோரத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கு. மூட்டைகள் காலியாகி எத்தனையோ வருஷம் ஆகியும் சுவர்கள் பழைய பழக்கத்தை விடவில்லை. ராத்திரி முழுக்க வியர்த்துக் காலையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தக் காற்றில் இரண்டு கைக்கடிகாரமும் ஒரு டைம்பீஸும், கடைசியாக, கிளப்பை நடத்திய அருணகிரி பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டாப் வாட்சும் ஒன்றன்பின் ஒன்றாக உயிரை விட்டன. ஐந்தாவதாக ஒன்று தேடுவதற்குப் பதில் தபாலாபீஸ் குமாஸ்தா சாரங்கபாணியைக் கொண்டுவந்து முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் துருப்பிடிக்கவில்லை.

சாரங்கபாணியின் தகப்பனார் செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயில்வே கார்டாக இருந்து காலமானவர். மற்றக் குழந்தைகளைப் பாட்டுப் பாடித் தூங்க வைத்தார்கள். இவனை எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் என்று சொல்லித் தூங்க வைத்தார்கள். விழுப்புரம் வருவதற்குள் கண் அசந்துவிடுவானாம். மீசை முளைத்த பிறகும் ஸ்டேஷனுக்கு ஒரு மூச்சு என்று உள்ளுக்குள் அந்த வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் தபாலாபீஸ் சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தான். முப்பத்திரண்டு ஸ்டேஷன், முப்பத்திரண்டு மூச்சு, மூன்று நிமிஷம். மறுநாள் பார்த்தான். மூன்று நிமிஷம். சர்க்கார் கடிகாரம் சாவி கொடுக்க மறந்தால் நின்றுவிடும். இவன் நிற்கவில்லை.

இதைவிடப் பெரிய தகுதி ஒன்று அவனிடம் இருந்தது. எதிரே யார் மூக்கு உடைந்தாலும் அவன் மூச்சு மாறாது. கிடங்கின் உத்தரத்திலிருந்து தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதுதான் மணி. அதன் பக்கத்தில் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஸ்டேஷன்களை முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். விழுப்புரம் வந்ததும் ஒரு தட்டு. மீனவர்கள் அவனை ‘அய்யரே’ என்றார்கள். முதல் வாரம் ‘ஐயங்கார்’ என்று திருத்திப் பார்த்தான். பிறகு அதையும் ஒரு காயமாக வைத்துக்கொண்டான்.

கிளப்பில் காயத்தைப் பற்றிப் பேசும் வழக்கம் கிடையாது. அருணகிரி சுவரில் கரியால் மூன்று விதிகள் எழுதி வைத்திருந்தார். செருப்போடு ரிங்கில் ஏறக் கூடாது. ரிங்குக்குள் நடந்ததை வெளியே போய்ப் பேசக் கூடாது. வலிக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அருணகிரியை எல்லோரும் வாத்தியார் என்றார்கள். அவருடைய இடது காது பிசைந்து வைத்த கோதுமை மாவு மாதிரி இருக்கும். எந்த வழக்கத்தைச் சொன்னாலும் ‘பட்டாளத்துல இப்பிடித்தான்’ என்பார். அவற்றில் பாதி பட்டாளத்துக்கே தெரியாது.

காசிநாதன் என்று ஒருவன். ஆறு வருஷமாகக் கிளப்பில் இருந்தான். ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. கயிறு தாண்டுவான். கயிறு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். வாய் அதைவிட வேகமாக ஓடும்.

“துரை, ஒன் எடது கையி மாடு முட்ற மாரி கீது. வலது கையி அதே மாடு சாணி போட்ற மாரி கீது.”

“நீ எப்ப மாமே ரிங்குல ஏறப் போற?”

“அடுத்த மாசம். ஒடம்பு இன்னும் செட்டாவல.”

துரைக்கு ஊர் அச்சரப்பாக்கம். குடும்பத்துக்கு நிலம் உண்டு. அதில் நாலு அண்ணன்களும் உண்டு. அதனால் உப்பு லாரியில் மூட்டை ஏற்ற வந்தவன் கிளப்பில் வந்து நின்றான். அவனுக்கு ஒரு பழக்கம். ரிங்கில் சுற்றிவரும்போது சாரங்கபாணியின் முனகலுக்குக் காது கொடுப்பான். அச்சரப்பாக்கம் வந்துவிட்டால் இன்னும் எட்டே ஸ்டேஷன் என்று தெரியும். அதுவரை சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் எடுத்து அடிக்கத் தொடங்குவான். சொந்த ஊர் வந்ததும் அடிக்கிறான் என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

அவனுக்குச் சரியான ஜோடி ஏசுதாஸ். கட்டுமரக்காரன். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. நங்கூரக் கயிறு கொண்டுபோய்விட்டது. பேச்சு அதிகம் கிடையாது. களைத்துப்போனால் எதிராளியைக் கட்டிக்கொண்டு அவன் தோளில் நெற்றியைச் சாய்த்து வைப்பான். தூங்குகிறானோ என்று தோன்றும். ஒரு மூச்சு அப்படி இருப்பான். பிறகு நிமிர்ந்து, தூங்கியவன் அடிக்கிற அடியா இது என்கிற மாதிரி ஒன்று விடுவான்.

ஆந்திரா தனியாகப் பிரிந்துபோன மறுவருஷம், ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், துரையும் ஏசுதாஸும் பழக்கச் சண்டை போட்டார்கள். பட்டணத்தில் பந்தயம் வர இருந்தது. அன்று காலை சாரங்கபாணிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பெண் பெயர் சுந்தரவல்லி. நல்ல நாள் பார்த்து வந்து பார்க்கலாம் என்று பெண்ணின் தகப்பனார் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அவன் எட்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான்.

எழும்பூரில் கிளம்பினான். தாம்பரம் வரை ஒரு குறையும் இல்லை. வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் ஒத்திவாக்கம், விழுப்புரம். மேற்கே திரும்பினால் காஞ்சிபுரம், அரக்கோணம். சாரங்கபாணி ரெட்டிப்பாளையம் என்றான். வில்லியம்பாக்கம், பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை. காஞ்சிபுரத்தில் அந்த மூச்சு கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது. அரக்கோணத்தில்தான் விழித்துக்கொண்டான். அந்தக் கிளை அதோடு முடிந்தது. விழுப்புரம் எங்கும் தென்படவில்லை.

வேறு யாராவதாக இருந்தால் உத்தேசமாக நாலைந்து மூச்சு விட்டு ஒரு தட்டுத் தட்டியிருப்பார்கள். சாரங்கபாணி கார்டு பிள்ளை. தடம் மாறிய வண்டி ஜங்ஷனுக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும். அவன் திரும்பினான். தக்கோலம், திருமால்பூர், காஞ்சிபுரம் என்று ஒழுங்காக, ஒரு ஸ்டேஷனும் தாண்டாமல். பாலூர் என்று அவன் சொன்னபோது துரையின் இடது கை ஏசுதாஸின் காதோரத்தில் விழுந்தது. அவன் விழவில்லை. துரையின் தோளில் நெற்றியைச் சாய்த்தான். விழுப்புரம் வந்து மணி அடிக்கிற வரைக்கும் அப்படியேதான் நின்றான்.

“இன்னா வாத்தியாரே, இந்த ரவுண்டு சொம்மா ஜவ்வு மாரி போவுதே?” என்றான் காசிநாதன். ரிங்கின் கயிற்றைத் தாண்டாதவர்களுக்கு எல்லா ரவுண்டும் நீளம்தான் என்றார் அருணகிரி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஏசுதாஸ் ஒரு செம்பு தண்ணீர் குடித்தான். “தூக்கம் வருது” என்றான். வீட்டுக்குப் போய்ப் படுத்தான். காலையில் கட்டுமரம் தள்ள அவன் வரவில்லை. தலைக்குள்ளே ரத்தம் உறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, விளையாட்டில் நேர்ந்த விபத்து என்று எழுதிக்கொண்டு, போகும்போது துரையின் இடது கையை ஒரு பொருட்காட்சிச் சாமான் மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் சாரங்கபாணி பென்சிலால் கணக்குப் போட்டான். மூன்று நிமிஷம் முடிந்த இடம், திரும்பி வருகிற வழியில் வாலாஜாபாத். அடி விழுந்தது பாலூரில். இரண்டு மூச்சு. மணி அடிக்க வேண்டிய நேரத்துக்கு இரண்டு மூச்சு தள்ளி ஏசுதாஸ் செத்திருந்தான். அந்தக் காகிதத்தை எட்டாக மடித்துக் காஞ்சிபுரத்துக் கடிதத்தோடு வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்காமலிருப்பதுதான் கிளப்பின் வழக்கம்.

மறுநாள் அருணகிரி புதிதாக ஒரு வழக்கத்தை அறிவித்தார். பட்டாளத்துல இப்பிடித்தான் என்றார். ஏசுதாஸுக்காக முப்பது நாள், பழக்கம் தொடங்குமுன் ஒரு ரவுண்டு காலியாக விட வேண்டும். எல்லோரும் ரிங்கைச் சுற்றி நிற்க வேண்டும். அவனோடு கடைசியாக மோதினவன் கையுறை கட்டிக்கொண்டு தன் மூலையில் நிற்க வேண்டும். மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிக்க வேண்டும். அது முடிந்த பிறகே ரிங்கைத் துடைக்க வேண்டும்.

ரிங்கின் தரை பழைய படகுப் பாய்த் துணி. தினமும் அதன்மேல் மாவு தூவினாற்போல் மெல்லிசாக உப்பு பூத்திருக்கும். துரையின் மூலை எதிர்ப்பக்கத்தில் இருந்தது. ஏசுதாஸின் மூலை சாரங்கபாணியின் முக்காலிக்குப் பக்கத்திலேயே.

முதல் நாள் சாரங்கபாணி மணி அடித்து எழும்பூரில் கிளம்பினான். செங்கல்பட்டு வந்தது. ஒத்திவாக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தான். ரெட்டிப்பாளையம் என்று வந்தது.

நிறுத்த முடியவில்லை. அரக்கோணம் போய், திரும்பிச் செங்கல்பட்டு வந்து, விழுப்புரம் சேர்ந்த பிறகுதான் சுத்தியலைத் தூக்கக் கை எழுந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் நேரம் அதிகமாயிற்று என்று சொல்லவில்லை. காசிநாதன்கூடச் சொல்லவில்லை. அதுதான் சாரங்கபாணிக்கு முதலில் பயமாக இருந்தது. உப்பின்மேல் ஏசுதாஸின் மூலையில் இரண்டு ஈரத் தடங்கள் இருந்தன. காசிநாதன் துணியை நனைத்துத் துடைத்தான்.

மறுநாள் மூன்று தடம். அதற்கும் மறுநாள் நாலு. இடது தடத்தில் நாலு விரல்தான் இருந்தது. மீனவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு கூரையைப் பார்த்தார்கள். ரிங்குக்குள் நடப்பதைப் பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறதே.

சாரங்கபாணி தந்திரம் செய்து பார்த்தான். விழுப்புரத்தில் தொடங்கி எழும்பூருக்கு வந்தான். செங்கல்பட்டில் வண்டி மேற்கே திரும்பியது. ஸ்டேஷனே வேண்டாம் என்று ஒன்று, இரண்டு என்று எண்ணினான். பதினேழுக்குப் பிறகு ரெட்டிப்பாளையம் வந்தது. விழுப்புரம் வரை போகாமல் வாலாஜாபாதிலேயே அடித்துவிடலாம் என்று சுத்தியலைப் பிடித்தான். அது தரையில் நட்டு வைத்த மாதிரி கனத்தது. பக்கத்து மூலையில் யாரோ வாயால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அது அவனுடைய மூச்சோடு சேர்ந்தே வந்தது, ஸ்டேஷனுக்கு ஒன்றாக.

பன்னிரண்டாம் நாள் தடங்கள் துரைக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றன. திரும்பி வரும் வழியில் பாலூர் என்று சாரங்கபாணி முனகியபோது, துரையின் தலை சடக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. கிடங்கில் காற்று இல்லை. துரை தலையை நேராக்கிக்கொண்டு நின்றான். ரவுண்டு முடிந்தபோது அவன் கன்னம் வீங்கத் தொடங்கியிருந்தது.

“என்னடா துரை, அது?” என்றான் சாரங்கபாணி. விதியை மீறிக் கேட்டது அவனுக்கே தெரிந்தது.

“ஒண்ணுமில்ல அய்யரே. ஈறு வீங்கிகினு கீது.”

பதினைந்தாம் நாள் உதடு கிழிந்தது. பதினெட்டாம் நாள் ஒரு கண் மூடிக்கொண்டது. துரை ஒரு நாளும் வராமலிருக்கவில்லை.

“அவன் அடிக்கட்டும் அய்யரே,” என்றான் ஒருநாள், கையுறைக் கயிற்றைப் பல்லால் இழுத்துக்கொண்டே. “நான் அட்ச்சேன், அவன் பூட்டான். இப்ப அவன் அடிக்கிறான். நாயந்தானே?”

நியாயந்தான் என்று சொல்ல சாரங்கபாணிக்கு வாய் வரவில்லை. நியாயமில்லை என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். தபாலாபீஸில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

இருபத்திரண்டாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தான். மணி அடிக்க ஆளில்லாவிட்டால் ரவுண்டு ஏது? ஜுரம் என்று சொல்லி வீட்டிலேயே போர்த்திக்கொண்டு படுத்தான். அம்மா காமு மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் ஐந்தரைக்கு, போர்வைக்குள், அவன் கேட்காமலே எழும்பூர் என்று ஒரு மூச்சு கிளம்பியது. வாயைப் பொத்திக்கொண்டான். மூச்சு மூக்கால் போயிற்று. ஐம்பத்திரண்டு மூச்சு, ஒன்று குறையவில்லை.

மறுநாள் துரையின் புருவம் பிளந்திருந்தது.

“நேத்திக்கு மணி யாரு அடிச்சா?” என்று சாரங்கபாணி காசிநாதனைக் கேட்டான்.

கயிறு நின்றது. “இன்னா அய்யரே, தமாசு பண்றியா?”

“நான் வரலியே.”

“நீ வரல? தோ, இந்த முக்காலில குந்திகினு இருந்தியே. இன்னா அய்யரே மூஞ்சி வெளுத்துக் கீதேன்னு நான் கேட்டதுக்கு பதில்கூட சொல்லாம குந்திகினு இருந்தியே.” காசிநாதன் ஓரடி பின்வாங்கினான். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு கிடங்கின் மறுகோடிக்குப் போய்த் தாண்டினான்.

இருபத்தொன்பதாம் நாள் ரவுண்டு முடிந்ததும் துரை மூலையிலேயே உட்கார்ந்துவிட்டான். காதிலிருந்து நூல் மாதிரி ரத்தம் வந்தது. அவனே செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

“தூக்கம் வருது அய்யரே,” என்றான்.

சாரங்கபாணியின் மூச்சு முதல் தடவையாகத் தவறியது.

துரையை அன்று அவன் தூங்க விடவில்லை. விளக்கு வைத்த பிறகும் தபாலாபீஸை ஒட்டிய தன் வீட்டு வாசலில் உட்கார வைத்துக்கொண்டு, சீட்டு ஆடத் தெரியாதவனுக்குச் சீட்டு கற்றுக்கொடுத்தான். காமு வெளியே வந்து பார்த்து, இருவருக்கும் காபி வைத்துவிட்டுப் போனாள். துரை ஏழு ஆட்டம் தோற்று, எட்டாவதில் ஏமாற்றிப் பிடிபட்டு, ஏமாற்றவில்லை என்று சத்தியம் செய்து, விடிகிற சமயம் பசிக்கிறது என்றான். பசி வந்தால் பிழைத்தான் என்று சாரங்கபாணிக்குத் தோன்றியது. இன்னும் ஒரு நாள் இருந்தது. ஒரு அடி இருந்தது.

முப்பதாம் நாள். சர்ச்சில் பூசை முடிந்து ஏசுதாஸின் தகப்பன் ஏசுபாதமும் வந்திருந்தார். கறுத்து உலர்ந்த மனிதர். தோளில் துண்டோடு வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. துரை கையுறையை எடுத்துக்கொண்டு ரிங்கில் ஏறப் போனான்.

சாரங்கபாணி முக்காலியை விட்டு எழுந்தான். அவன் நடுவில் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

“வாத்தியாரே, துரை வேண்டாம். நான் நிக்கறேன்.”

“ஏன் அய்யரே, ஸ்டாம்பு குத்திக் குத்திக் கை ஊறுதா?” என்றான் காசிநாதன். யாரும் சிரிக்கவில்லை.

“கடைசியா அவனோட மோதினவன்தானே நிக்கணும்?” என்றான் சாரங்கபாணி. “அது நான்.”

பிறகு சொன்னான். யாருக்கோ வந்த தந்தியைப் படித்துக் காட்டுகிற குரலில், காஞ்சிபுரத்துக் கடிதம் தொடங்கி, செங்கல்பட்டில் வண்டி திரும்பியது, அரக்கோணத்தில் விழித்துக்கொண்டது, ஜங்ஷனுக்குத் திரும்பி வந்தது, மூன்று நிமிஷம் முடிந்த வாலாஜாபாத், அடி விழுந்த பாலூர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். முடித்தபோது சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினான். யாரும் வாங்கவில்லை.

துரைதான் முதலில் பேசினான். “அதான் அன்னிக்கி எங்க ஊரு வரவேயில்லியா?” வீங்கிய வாயால் மெல்லச் சொன்னான். “சுத்தி வரச்சொல்லோ காது குட்த்துகினே இருந்தேன். அச்சரப்பாக்கம் வர்ல, வர்ல. ரவுண்டு முடியவே முடியாதோன்னு பயந்துபூட்டு அட்ச்சேன்.” கையுறையைக் கீழே வைத்தான். “தப்பு வண்டின்னு தெரிஞ்சா எறங்கிட வேண்டியதுதானே அய்யரே? திரும்பி வேற வருவியா?”

சாரங்கபாணி காகிதத்தை மறுபடி எட்டாக மடித்தான். முப்பது நாளாக அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான்.

“மணி சுத்தியல அந்தப் புள்ள கையில குடு,” என்று வாசற்படியிலிருந்து ஏசுபாதத்தின் குரல் வந்தது. “கையொறைய இவனுக்குக் கட்டு.”

அருணகிரி கட்டினார். ஒரு முடிச்சு கூடுதலாகவே போட்டார். சாரங்கபாணி கதர்ச் சட்டையோடு ரிங்கில் ஏறித் துரையின் மூலையில் போய் நின்றான். கையுறைக்குள் பழைய வேர்வையின் ஈரம் இருந்தது. எதிரே தன்னுடைய முக்காலியில் துரை, மடியில் சுத்தியல். அதன் பக்கத்தில் காலியான மூலை.

“சத்தமா சொல்லு,” என்றார் அருணகிரி. “எல்லாருக்கும் கேக்கட்டும்.”

துரை அடித்தான். தண்டவாளத் துண்டு அதிர்ந்து அடங்கியது.

எழும்பூர் என்றான் சாரங்கபாணி. சொந்தக் குரலில் அதை அவன் வெளியே கேட்டதே இல்லை. அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. சேத்துப்பட்டு. நுங்கம்பாக்கம். கோடம்பாக்கத்தில் எதிர்மூலையின் கயிறு லேசாகத் தாழ்ந்து எழுந்தது. மாம்பலத்தில் உப்பின்மேல் முதல் தடம் விழுந்தது. முதலில் குதிகால், பிறகு பாதம், பிறகு விரல்கள். அவசரமே இல்லை. ரிங்கைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் கூரையைப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டு. ஒத்திவாக்கம் என்று சொல்ல அவன் முயன்றுகூடப் பார்க்கவில்லை. ரெட்டிப்பாளையம் என்றான். கூட்டத்தில் யாரோ மாதாவை அழைத்தார்கள். தடங்கள் ரிங்கின் நடுவைத் தாண்டின. காஞ்சிபுரம் என்றபோது அந்தப் பெயரில் ஒரு இனிப்பும் இல்லை. அரக்கோணத்தில் தடங்கள் அவனுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றன. நாலு விரல் இடது கால் முன்னால். கடல் தண்ணீரும் வேர்வையும் கலந்த வாசனை வந்தது.

தக்கோலம். திருமால்பூர். காஞ்சிபுரம். நத்தப்பேட்டை.

துரை சுத்தியலைத் தூக்கினான்.

வாலாஜாபாத்.

துரை அடிக்கவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, அவன் சாரங்கபாணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தியல் கனத்துப்போனதால் நின்றது என்று சொல்ல முடியாது; துரை அதை லேசாகத் தூக்கியதைச் சாரங்கபாணி பார்த்திருந்தான். இத்தனை நாள் அடி வாங்கியவன் ஒரு மூச்சு யோசிப்பது அதிகமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

பழையசீவரம்.

முகத்துக்கு நேரே காற்று பின்வாங்கியது, அடிக்கக் கை பின்னே போவதுபோல. சாரங்கபாணி கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூச்சை இழுத்தான். பாலூரின் முதல் எழுத்துக்கு உதடுகள் ஒட்டின.

மணி அடித்தது.

பீமசேனாவில் அவ்வளவு பலமாக அது அடித்ததே கிடையாது. சாரங்கபாணியின் கைகள் தாமாகவே கீழே இறங்கின. அப்போது அவன் இடது தோளில் ஏதோ வந்து சாய்ந்தது. ஈரமாக, கனமாக, ஒரு நெற்றியின் அகலத்தில். ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு இல்லை.

“மணி அடிச்சாச்சு, பா,” என்றார் ஏசுபாதம் வாசலில், யாரையோ வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். சாரங்கபாணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகு ஐந்து வருஷம் தபாலாபீஸில் கார்டு வாங்க வந்தபோதும் சொல்லவில்லை.

அருணகிரி கையுறையை அவிழ்த்தார். “நாளைலேர்ந்து வராத,” என்றார். விதியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். காசிநாதன் துணியை நனைத்துக்கொண்டு வந்தான். தடங்கள் இருந்தன, மூலையிலிருந்து சாரங்கபாணி நின்ற இடம் வரை. திரும்பிப் போன தடம் இல்லை. காசிநாதன் அவற்றைத் துடைக்காமல் துணியைப் பிழிந்துகொண்டே நின்றான்.

துரையின் முகம் பத்து நாளில் சரியாயிற்று. அவன் பட்டணத்துப் பந்தயத்துக்குப் போய் இரண்டாம் ரவுண்டில் தோற்று, சந்தோஷமாகத் திரும்பி வந்தான் என்று கேள்வி. கிளப்பில் இப்போது காசிநாதன் கயிறு தாண்டி நேரம் பார்க்கிறானாம். முந்நூற்றறுபது தாண்டல் ஒரு ரவுண்டு. வாயைத் திறந்தால் கணக்குப் போய்விடும் என்பதால் பேச்சையே விட்டுவிட்டானாம்.

காஞ்சிபுரத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. காமு நாள் பார்த்து, தாம்பூலம் வாங்கி, பிள்ளையின் கதர்ச் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மூன்று தடவை துவைத்தாகிவிட்டது. காய்ந்ததும் இடது தோளில் வட்டமாக உப்பு பூத்துவிடுகிறது.

“கடல்காத்து,” என்றாள். “வேற சட்டை போட்டுக்கோ. தாம்பரம் போய்க் காலம்பர வண்டியைப் பிடிச்சா செங்கல்பட்டுல மாறி, பத்து மணிக்குள்ள போயிடலாம்.”

சாரங்கபாணி அந்தச் சட்டையையே வாங்கிப் போட்டுக்கொண்டான். பித்தானைப் போட்டபடி, “பஸ்ஸுல போலாம்மா” என்றான்.

“கார்டு பிள்ளையாடா நீ? ஊர் சிரிக்கும். ரயில் இருக்கறச்சே யாராவது பஸ்ஸுல போவாளா?”

“பஸ்ஸுல போலாம்,” என்றான். இரண்டாம் தடவை சொன்னபோது நடுவில் மூச்சு வாங்கினான். காமு திரும்பிப் பார்த்தாள். அவன் வாங்கிய மூச்சோடு சேர்ந்து, அறையில் இன்னொருவரும் வாங்கினாற்போல் அவளுக்குக் கேட்டது.